கனகாம்பரம் சூடிய ஐந்து ஆண்டுகள்

கனகாம்பரத்துக்கு மணம் கிடையாது. நிறத்துக்காகவும், தொடுத்து இரண்டு நாளானாலும் வாடாமல் நிற்பதற்காகவுமே அதை வாங்குகிறோம். 2017ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2022ஆம் ஆண்டின் இறுதிவரை நான் பெரும்பாலும் கனகாம்பரத்தைத்தான் சூடிக்கொண்டேன். பெரம்பூரில் எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கும் அம்மாள், "மல்லி நல்லா இருக்குது, ஒரு முழம் தரட்டுமா?" என்று கேட்கும்போதெல்லாம் விலையைக் காரணம் காட்டி மறுத்துவிடுவேன். முகர்ந்தால் ஒன்றும் தெரியாத பூவுக்கு எதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கண் மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்கிறோம், காது மந்தமானால் உரக்கப் பேசச் சொல்கிறோம். மணம் தெரியவில்லை என்பதை மட்டும் யாரிடம், எப்படிச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

எந்த நாளில் தொடங்கியது என்று குறிப்பிட முடியாது. ஆண்டு முழுவதும் ஜலதோஷம், காலையில் எழுந்தவுடன் பத்துப் பதினைந்து தும்மல், இரவில் வாயால் மூச்சு, விடியும்போது உலர்ந்த தொண்டை என்று பல ஆண்டுகள் போயின. கேட்டவர்களுக்கெல்லாம் "எனக்கு சைனஸ் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சைனஸ் என்பது நோயின் பெயரே அன்று. கன்னத்திலும் நெற்றியிலும் இரு கண்களுக்கு நடுவிலும் மூக்குக்குப் பின்னாலும் உள்ள எலும்புகளுக்குள் இருக்கும் காற்றறைகளின் பெயர். "எனக்கு சைனஸ் இருக்கிறது" என்பது "எனக்கு வயிறு இருக்கிறது" என்பதைப் போன்றதுதான். ஆனாலும் சென்னையில் தலைவலிக்கும் சைனஸ், தும்மலுக்கும் சைனஸ், அலுவலகத்துக்கு விடுப்பு எடுப்பதற்கும் சைனஸ் என்று ஆகிவிட்டதால், அந்தச் சொல்லைச் சொன்னவுடன் கேட்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்; நானும் மேற்கொண்டு யோசிக்காமல் இருந்துவிட்டேன்.

கைவைத்தியத்தில் குறைவைக்கவில்லை. அத்தை, அதாவது என் மாமியார், நொச்சி இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிக்கச் சொல்வார். மஞ்சள் கொம்பை விளக்கில் சுட்டு அந்தப் புகையை உறிஞ்சச் சொல்வார். தலைக்குக் குளிக்கும் நாட்களில் சாம்பிராணி போடுவார். ஆவி பிடித்த அரை மணி நேரம் மூக்கு சற்றே இளகும், பிறகு பழையபடி அடைத்துக்கொள்ளும். இவற்றால் கெடுதல் எதுவும் நேரவில்லை. கெடுதல் செய்தது நானாகத் தேடிக்கொண்ட மூக்குச் சொட்டு மருந்துதான். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகை மருந்துகள் மூக்கினுள் இருக்கும் இரத்தக்குழாய்களைச் சுருக்கி ஐந்து நிமிடத்தில் வழியைத் திறந்துவிடுகின்றன. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், மருந்தின் வேகம் இறங்கியவுடன் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கிக்கொள்ளும். வீக்கத்தை அடக்க மறுபடியும் சொட்டு விட வேண்டியிருக்கும். நான் ஒரு வாரம் அன்று, மூன்று ஆண்டுகள் போட்டேன். கைப்பையில் ஒன்று, தலையணைக்கடியில் ஒன்று, அலுவலக மேசை இழுப்பறையில் ஒன்று என்று சின்னச் சின்னக் குப்பிகள் என் நாட்களை ஆண்டன.

மணம் போன பிறகு சமைப்பது எப்படி என்பதை, அதை இழக்காதவர்களுக்கு விளக்குவது கடினம். பருப்பு வெந்ததைக் குக்கர் விசிலை எண்ணித்தான் அறிவேன். தாளிப்பில் கடுகு வெடிக்கும் ஓசை கேட்கும், பெருங்காயம் பொரிந்ததா கருகியதா என்பது தெரியாது. பால் பொங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அடிப்பிடித்ததைப் பார்க்க முடியாது. ரசம் எந்த நொடியில் நுரைத்து இறக்கும் பக்குவத்துக்கு வருகிறது என்பதை இருபது ஆண்டுகளாக மூக்குதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதே, அது சொல்வதை நிறுத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆகவே பத்து வயது மகளை அடுப்படிக்கு அழைத்துக் கேட்பேன். "அம்மா, இன்னும் பச்ச வாசனைதான் வருது" என்பாள். இரண்டு நிமிடம் கழித்து வந்து, "இப்ப இறக்கிடும்மா" என்பாள். பள்ளிப்பாடத்தை எழுதியபடியே கூடத்திலிருந்து, "அம்மா, ஏதோ தீயுது" என்று குரல் கொடுப்பாள். அத்தை மட்டும் சாப்பிடும்போது, "என்னம்மா, பெருங்காயமே போடலையா?" என்று கேட்பார். அளவு தெரியாமல் அஞ்சி அஞ்சிப் போட்டதால் நேர்ந்தது அது. அவர் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை, ஆனாலும் எனக்குக் கண் கலங்கும்.

சாப்பாடு எனக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உறைப்பு என்று குறுகிப்போயிருந்தது. நாக்குத் தரும் செய்தி அவ்வளவே. வத்தக்குழம்புக்கும் புளிக்குழம்புக்கும் உள்ள வேறுபாடு, மிளகு ரசத்துக்கும் பூண்டு ரசத்துக்கும் உள்ள வேறுபாடு எல்லாம், மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் ஆவியால் தெரிபவை. மூக்கை விரலால் இறுகப் பொத்திக்கொண்டு ஓர் ஏலக்காயை மென்று பாருங்கள். இலேசான காரமும் குளிர்ச்சியும் மட்டுமே தெரியும். விரலை எடுத்த நொடியில்தான் அது ஏலக்காய் ஆகும். எனக்கு விரலை எடுத்த பிறகும் அது ஏலக்காய் ஆகவில்லை. ஆனால் ஒன்றை நான் நெடுநாள் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன். அமிர்தாஞ்சனத்தை மூக்கருகே கொண்டுபோனால் சுரீர் என்று தெரிந்ததால், மணம் முழுதும் போய்விடவில்லை என்று நம்பியிருந்தேன். அந்தச் சுரீரும் வெங்காயத்தின் எரிச்சலும் கற்பூரத்தின் குளிர்ச்சியும் முகத்தின் தொடுவுணர்வைச் சுமக்கும் வேறொரு நரம்பின் வழியே போகின்றனவாம். மணம் அறியும் நரம்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

2020இல் ஊரே மூக்கைப் பற்றிப் பேசத் தொடங்கியது. கொரோனா வந்தால் மணம் போய்விடும் என்று தெரிந்ததும், எங்கள் குடியிருப்பில் காலையில் எழுந்தவுடன் காபித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பது பலருக்கு வழக்கமானது. எனக்கு அந்தச் சோதனை பயன்படாது. சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. மணம் போன மறுநாளே அவர்களால் அதைப் பேச முடிந்தது, மற்றவர்கள் அதை நம்பவும் செய்தார்கள்.

மருத்துவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது 2022 ஜூன் மாதத்து மாலை ஒன்று. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அருகிலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்து பர்னரை அணைத்ததைப் பார்த்து, பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு, அடுப்பைத் துடைத்தேன். திருகை மூடியதாகத்தான் நினைத்தேன். அது பாதியில் நின்றிருந்தது. டியூஷனிலிருந்து வந்த மகள் வாசலிலேயே செருப்போடு நின்று, "அம்மா, கேஸ் வாடை! ஸ்விட்ச்ச தொடாதே!" என்று கத்தினாள். சிலிண்டரில் வரும் வாயுவுக்குத் தனக்கென்று வாடை ஏதுமில்லை; கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளை மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு படர்ந்து நிற்கும். தரையில் அமர்ந்து கீரை ஆய்ந்த என் முகத்தைச் சுற்றி அது நின்றிருக்கும், எனக்கோ முளைக்கீரையும் வாயுவும் ஒன்றாகவே இருந்தன. ரெகுலேட்டரை மூடி, சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, மூவரும் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டோம். கசிவுக்கென்று 1906 என்ற உதவி எண் இருப்பதை அன்றுதான் குளிர்பதனப்பெட்டியின் கதவில் எழுதி ஒட்டினேன். மகள் அன்றிரவு என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டாள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் செய்த சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. நாக்கை அழுத்திப் பார்க்கும் தட்டையான எஃகுத் தகட்டை என் மூக்குக்குக் கீழே கிடையாகப் பிடித்து, மூச்சை இயல்பாக விடச் சொன்னார். தகட்டில் இரண்டு மூச்சுப்பனி வட்டங்கள் படிந்தன. வலப்பக்கத்து வட்டம் ஐம்பது காசு அளவுக்கு இருந்தது. இடப்பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறை மட்டும் தோன்றி உடனே மறைந்தது. அதன் பிறகு மரத்துப்போகச் செய்யும் மருந்தில் தோய்த்த பஞ்சை மூக்கில் வைத்துக் கால்மணி நேரம் காத்திருக்கச் சொல்லி, பென்சிலைவிட மெலிதான எண்டோஸ்கோப்பை உள்ளே செலுத்தினார். திரையில் என் மூக்கின் உட்புறம் தெரிந்தது. செந்நிறச் சவ்வுக்கு நடுவே, சாம்பல் கலந்த வெண்மையில், ஒளி ஊடுருவும்படி, தோல் சீவிய இளநுங்கைப் போல ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றன்று, இரு பக்கமும் கொத்துக்கொத்தாக. அதைத்தான் பாலிப் என்கிறார்கள். நம் வழக்கில் மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது என்பது. உண்மையில் அது சதை வளர்ச்சியே அன்று, நெடுங்கால அழற்சியால் நீர்கோத்துத் தொங்கிப்போன சவ்வு. புற்றுநோயும் அன்று என்று நான் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார்.

கூடவே மூக்குத் தண்டும் இடப்பக்கம் வளைந்திருந்தது. இரண்டு நாசிகளையும் பிரிக்கும் சுவர் முன்பகுதியில் குருத்தெலும்பாலும் பின்பகுதியில் எலும்பாலும் ஆனது. அது நூல் பிடித்தாற்போல் நேராக இருப்பவர்கள் குறைவு. சிறு வளைவு யாரையும் தொல்லைப்படுத்துவதில்லை. ஆனால் மூக்குக்கு ஒரு முறைவைப்பு உண்டு: சில மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு பக்கத்துச் சவ்வு வீங்கி ஓய்வெடுக்க, மறுபக்கம் திறந்து வேலை செய்யும், பிறகு மாறிக்கொள்ளும். மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்று சரம் பார்ப்பவர்கள் சூரியகலை, சந்திரகலை என்று இதைத்தான் நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். என் இடநாசி எப்போதும் பாதிக்குமேல் மூடியே இருந்ததால், வலநாசியின் ஓய்வு முறை வரும்போதெல்லாம் இரண்டும் அடைத்து, நள்ளிரவில் எழுந்து உட்கார வேண்டியிருந்தது. இந்த விளக்கம் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அத்தனை ஆண்டுகளும் வீட்டில் என்னைக் "கற்பனை நோயாளி" என்று செல்லமாகக் கேலி செய்தார்கள்.

சி.டி. ஸ்கேன் படத்தில் எலும்பு வெள்ளையாகவும் காற்று கறுப்பாகவும் தெரியும். காற்றறைகள் கறுப்பாக இருக்க வேண்டும். என்னுடையவற்றில் பெரும்பாலானவை சாம்பல் நிறத்தில் நிரம்பிக் கிடந்தன. ஆஸ்துமா உண்டா, ஆஸ்பிரின் போன்ற வலிமாத்திரை போட்டால் மூச்சு முட்டுமா என்றும் மருத்துவர் துருவித் துருவிக் கேட்டார். பாலிப்போடு இவ்விரண்டும் சேர்ந்து வருபவர்களுக்கு நோய் கடுமையாகவும் மீண்டும் மீண்டும் வருவதாகவும் இருக்குமாம். எனக்கு அவை இல்லை.

அறுவைக்கு முன் இரண்டு வாரம் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். ஆறாம் நாள் காலையில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருந்த பில்டரின் மூடியைத் திறந்தேன். மங்கலாக, பக்கத்து வீட்டில் யாரோ காபி போடுவதைப் போல, அது வந்தது. ஐந்தாண்டுக்குப் பிறகு. மூடியைக் கையில் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை, டிகாக்‌ஷன் ஆறிவிட்டது. மாத்திரை நிறுத்திய மூன்றாம் வாரத்தில் மணம் மறுபடியும் போய்விட்டது. நான் உடைந்துபோய்ச் சொன்னதைக் கேட்ட மருத்துவர் மகிழ்ச்சியோடு தலையசைத்தார். நரம்பு உயிரோடு இருக்கிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம் என்றார். அந்த மாத்திரையையே தொடர்ந்து தரக்கூடாதா என்று கேட்டேன். சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்பு, கண் என்று அது கைவைக்கும் இடங்களை வரிசையாகச் சொன்னார்.

மணம் அறியும் பகுதி மூக்கின் கூரையில் இருக்கிறது. சில சதுர சென்டிமீட்டர் பரப்புதான். உள்ளே இழுக்கும் காற்றில் சிறு பங்குதான் அவ்வளவு உயரத்துக்குப் போகும். அங்குள்ள நரம்பணுக்களில் மணத்துகள்களைப் பற்றிக்கொள்ளும் ஏறக்குறைய 400 வகையான ஏற்பிகள் உள்ளன. அவற்றுக்கான மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகியோருக்கு 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நரம்பணுக்களின் இழைகள், சல்லடைபோல் துளையிட்ட ஓர் எலும்புத் தட்டின் வழியே நேரே மூளைக்குள் ஏறுகின்றன. உடலின் பெரும்பாலான நரம்பணுக்களைப் போலன்றி இவை வாழ்நாள் முழுவதும் புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பவை. நான் நம்பிக்கை வைத்தது இந்த ஒரு செய்தியின் மீதுதான்.

"சைனஸ் ஆபரேஷனா? வேண்டவே வேண்டாம், திரும்ப வந்துடும்" என்று சொல்லாத உறவினர் இல்லை. என் அத்தையின் அண்ணனுக்கு அந்தக் காலத்தில் கன்னத்து அறையில் மூக்கு வழியாக ஊசியால் துளையிட்டுக் கழுவினார்களாம். வீட்டில் அதைப் "பஞ்சர் போடுவது" என்றே சொல்வார்கள். இன்னும் சிலருக்கு மேலுதட்டைத் தூக்கி உட்புறமாகக் கீறிக் கன்னத்து எலும்பைத் திறந்திருக்கிறார்கள். அந்த நினைவுகளின் அச்சம் குடும்பங்களில் இன்னும் தங்கியிருக்கிறது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மருத்துவர் மெசர்கிளிங்கர் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டார்: அறையில் வேறெங்கே துளையிட்டாலும், சவ்விலுள்ள நுண்மயிர்கள் சளியை இயற்கையான வாயிலை நோக்கியே தள்ளுகின்றன. ஆகவே புதுத் துளை போடுவதில் பயன் குறைவு. அடைபட்ட பழைய வாயிலைத் திறந்துவிட்டால் அறை தன்னைத்தானே தூய்மைப்படுத்திக்கொள்ளும். இப்போது எண்டோஸ்கோப் வழியே செய்யும் அறுவை இந்த எண்ணத்தின் மேல் எழுந்ததுதான். வெளியே கீறலோ தையலோ கிடையாது.

காப்பீட்டைப் பற்றி ஒரு சொல். பல பாலிசிகளில் சைனஸுக்கும் மூக்குத் தண்டு வளைவுக்கும் 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு. எடுத்தவுடன் பயன்படுத்த முடியாது. என் பாலிசி பழையதாயினும், தண்டைச் சரிசெய்வது அழகுக்காகவா என்று நிறுவனத்தார் ஒரு கேள்வி அனுப்பினார்கள். அறுவை முடிந்த பிறகும் என் மூக்கு அதே பழைய மூக்குதான் என்பதை எந்தப் படத்தை இணைத்து நிரூபிப்பது என்று யோசித்தேன். மருத்துவர் இரண்டு வரி எழுதிக் கொடுத்ததும் ஒப்புதல் வந்துவிட்டது.

செப்டம்பரில் அறுவை நடந்தது. முழு மயக்கம், ஏறத்தாழ மூன்று மணி நேரம். ஒப்புதல் படிவத்தில் கண்ணைப் பற்றியும் மூளையைச் சூழ்ந்த நீர் கசிவதைப் பற்றியும் எழுதியிருந்ததைப் படித்து என் கணவருக்குக் கை நடுங்கியது. அந்த அறைகளுக்கும் கண்குழிக்கும் நடுவே உள்ள எலும்பு காகிதம்போல் மெலிதானது, கூரைக்கு மேலே மூளை. அதனால்தான் ஸ்கேன் படத்தை எதிரே மாட்டிவைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். இத்தகைய சேதங்கள் அரிதாகவே நேர்கின்றன என்று விளக்கினார்கள். தண்டை நேராக்கி, பாலிப்புகளை நீக்கி, அறைகளின் வாயில்களைத் திறந்தார்கள். கீழ்ப்பக்கத்து டர்பினேட் என்ற மடிப்பை மட்டும் சற்றே சுருக்கியதோடு விட்டுவிட்டார்கள். காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துவது அந்த மடிப்புதான். அளவுக்கு மீறி வெட்டிவிட்டால், வழி அகலமாக இருந்தும் மூச்சு முட்டுவதாகவே தோன்றும் கொடிய நிலை சிலருக்கு வரும்.

வலி நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. மூக்கை அடைத்துவைத்த பஞ்சோடு கழிந்த முதல் இரவுதான் நரகம். வாய் காய்ந்து, விழுங்கும்போதெல்லாம் காது அடைத்து, பழைய இரத்தம் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் பஞ்சை எடுத்தார்கள். தண்டின் இரு பக்கமும் வைத்திருந்த சிலிக்கோன் தகடுகளை ஏழாம் நாள் எடுத்தார்கள். ஐஸ் குச்சி அளவுக்கு நீளமான ஒன்று மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இவ்வளவு நேரம் இது எங்கே இருந்தது என்று வியந்துகொண்டிருக்கும்போதே குளிர்ந்த காற்று தொண்டையின் பின்சுவரில் மோதியது. அறையில் குளிர்சாதனம் கூட ஓடவில்லை, சென்னை செப்டம்பரின் புழுக்கமான காற்றுதான் அது. மருத்துவர் அந்தப் பழைய எஃகுத் தகட்டை மறுபடியும் மூக்கின் கீழே பிடித்தார். இரண்டு வட்டங்கள், ஏறக்குறைய ஒரே அளவு. அன்றிரவு வாயை மூடிக்கொண்டு தூங்கினேன். என் குறட்டை நின்றுபோனதால் தூக்கம் கலைந்து எழுந்ததாக என் கணவர் காலையில் சொன்னார்.

ஆனால் மணம் வரவில்லை. மூச்சு வந்துவிட்டதால் மணமும் கூடவே வந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். இவ்விரண்டும் ஒரே வாசலில் நுழைந்தாலும் வேறு வேறு வீட்டுக்குப் போகிறவை என்பதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லியிருக்கவில்லை. முதல் சில வாரங்கள் மூக்கினுள் பொருக்கும் வீக்கமும் இருந்தன. மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனிந்து பாரம் தூக்கக்கூடாது. ஒவ்வொரு வாரமும் போய்ப் பொருக்கை எடுத்துக்கொண்டு வந்தேன். அறுவையைவிட எனக்கு அதுதான் கடினமாக இருந்தது.

நாள்தோறும் இரண்டு வேளை உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்பது உடலின் நீரோடு ஒத்துப்போகும் அளவு. மருந்துக்கடைப் பொட்டலமும் அழுத்தினால் பீய்ச்சும் குப்பியும் வாங்கிக்கொண்டேன். தண்ணீர் விஷயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. குழாய்நீரையோ கேன் தண்ணீரையோ அப்படியே ஊற்றக்கூடாது. நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய நீராக இருக்க வேண்டும். நேக்ளேரியா என்ற அமீபா வாய்வழியே போனால் ஒன்றும் செய்வதில்லை, மூக்குவழியே போனால் மணம் அறியும் நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்கு ஏறிவிடும். அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலால் நேர்ந்த இறப்புகளைப் பற்றிப் படித்த பிறகு, எங்கள் வீட்டில் மூக்குக்கென்று தனிச் சொம்பில் வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கும். அதில் யாரும் கைவைக்க மாட்டார்கள்.

மருத்துவர் முகர்பயிற்சி ஒன்றும் சொல்லிக் கொடுத்தார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் தாமஸ் ஹும்மெல் குழுவினர் 2009இல் வெளியிட்ட முறை: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நான்கு மணங்களை நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம் முகர்வது. காய்ச்சலுக்குப் பின் மணம் இழந்தவர்களிடம்தான் இதன் பயன் நன்றாகத் தெரிந்திருக்கிறது, உங்களைப் போன்றவர்களுக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் செலவும் இல்லை கெடுதலும் இல்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். பன்னீர், எலுமிச்சைத் தோல், நுணுக்கிய கிராம்பு, நீலகிரித் தைலம் ஆகியவற்றை நான்கு ஊறுகாய்க் குப்பிகளில் போட்டுவைத்தேன். ஐந்தாவதாக ஒன்றில் கட்டிப் பெருங்காயத்தை நானே சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் இருபது நொடி முகர்ந்து, அது எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவர முயல வேண்டும். ஒன்றும் தெரியாத குப்பியை மூக்கருகே வைத்துக்கொண்டு, பெருங்காயத்தை நினைத்துக்கொண்டு கண்மூடி அமர்ந்திருப்பதைப் பார்த்து அத்தை, "தியானமா?" என்று கேட்டார்.

எட்டாவது வாரம், நவம்பர் மழை. நான்கு நாளாக வெயில் இல்லாமல் கூடத்தில் கொடிகட்டி உலர்த்தியிருந்தோம். மகளின் பள்ளிச் சீருடையை மடிக்கும்போது ஏதோ உறுத்தியது. மறுபடியும் முகத்தருகே கொண்டுபோனேன். சரியாகக் காயாத துணியின் முடை நாற்றம். ஐயமே இல்லை. ஓடிப்போய் அவளிடம் நீட்டி, "நாறுதா?" என்று கேட்டேன். "ஆமாம்மா, நாத்தம்" என்று மூக்கைச் சுருக்கியவள், நான் கேட்டதன் பொருள் விளங்கியதும் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு அத்தையின் அறைக்கு ஓடினாள். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணமும்தான். பிற்காலத்தில்தான் அது கெட்டதோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு எனக்கு அந்தப் பழைய பொருளே பொருத்தமாக இருந்தது.

அதன் பிறகு வந்தவை வரிசையாகவோ ஒழுங்காகவோ வரவில்லை. கிராம்பு முதலில் வந்தது, பெருங்காயம் சனவரியில். காபி ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது. மல்லிகையை முகத்தோடு ஒட்டிவைத்தால் தெரிகிறது. பேருந்தில் முன் இருக்கைக்காரியின் கூந்தலிலிருந்து மிதந்துவரும் அந்த மல்லிகை இன்னும் திரும்பவில்லை. சந்தனம் தெரிவதே இல்லை. முதல் மழைக்கு மண்ணெழுப்பும் மணத்துக்காக மூன்று கோடைகளாக மாடியில் போய் நிற்கிறேன், அதுவும் இல்லை. ஜலதோஷம் பிடித்தால் வந்தவையும் பத்து நாள் விடுப்பில் போய்விடுகின்றன.

மூன்றாம் ஆண்டுப் பரிசோதனையில் இடப்பக்கத்தில் மிளகளவு பாலிப் ஒன்று தென்பட்டது. உறவினர்கள் சொன்னது பலித்துவிட்டதே என்று முதலில் துவண்டேன். ஆனால் அவர்கள் சொன்னதில் பாதிதான் சரி. பாலிப் என்பது சவ்வின் நெடுநாள் அழற்சியின் விளைவு. அறுவை அதை வெட்டியெடுத்து வழியைத் திறக்கிறது, அழற்சியைக் குணப்படுத்துவதில்லை. அறுவைக்கு முன் நான் அடித்த ஸ்டீராய்டு ஸ்பிரே, அடைப்பைத் தாண்டி எங்கும் போய்ச் சேர்ந்ததில்லை. இப்போது அது சேர வேண்டிய இடத்தில் சேருகிறது. கழுவும் நீரில் பியூடசனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து மூன்று மாதம் பயன்படுத்தியதும் அந்த மிளகு சுருங்கிவிட்டது. "ஆபரேஷன் செய்தும் தினமும் கழுவணுமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில், பல்லைக் கட்டிக்கொண்ட பிறகும் துலக்கத்தானே செய்கிறோம் என்பது. சலிப்பில் இரண்டு மாதம் கழுவாமல் விட்டபோதுதான் அந்த மிளகு முளைத்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மகள் இப்போது திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தாள். போகியன்று விடியற்காலை நான்கரை மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. யாரும் எழுப்பவில்லை. தெருக்கோடியில் யாரோ பழைய பாயோடு டயரையும் சேர்த்துக் கொளுத்தியிருந்தார்கள். அந்தக் காட்டமான புகை சன்னல் வழியே வந்து தலையணைவரை எட்டியிருந்தது. எழுந்து கூடத்துச் சன்னலையும் அத்தை அறையின் சன்னலையும் சாத்தினேன். மகளின் அறைக்குப் போனபோது அவள் பாதித் தூக்கத்தில், "அம்மா, ஏதோ தீயுது" என்றாள். "தெரியும், தூங்கு" என்று சொல்லிவிட்டு, அவள் சன்னலையும் சாத்திவிட்டு, மூக்குக்கான வெந்நீரை அடுப்பில் வைத்தேன்.